ஒரு கட்டை கீழே

ஒன்பதை எடுத்துவிட்டுப் பதினொன்று போட்டேன்.
அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் இரண்டு பங்குதான் கூடுதல்,
ஒரு தலைமுடி கனம்கூட இல்லை.
கிட்டார் அதற்கே முன்னால் குனிந்துவிட்டது.

யீஷுன், நான்காம் மாடி,
இரவு ஷிப்ட் இல்லாத செவ்வாய்.
சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து
கழுத்துக்கு அண்டையாக இரண்டு கிலோ அரிசிப் பொட்டலம் வைத்து
மல்லாத்திப் போட்டிருக்கிறேன்.
வெளியே மழை. துணிக்கழியில் யாரோ மறந்த சட்டை
இரண்டாம் தடவை நனைகிறது.

ஷாமினிதான் கேட்டாள்,
கட்டிலில் சாய்ந்தபடி, தொண்டையில் பிளாஸ்திரியோடு,
பேசக்கூடாது என்பதால் எழுதிக் காட்டி:
ஒரு கட்டை இறக்கிக்கலாமா?
தைராய்டை எடுத்தபோது
எந்த நரம்போ லேசாகக் கோபித்துக்கொண்டதாம்.
பேச்சு வரும், பாட்டும் வரும்,
மேலே மட்டும் ஏறாதாம்.
அதனாலென்ன என்றேன் உடனே,
பஸ்ஸில் நகர்ந்து இடம் விடுகிறவனைப் போல.

மூன்றிலிருந்து இரண்டுக்கு. சொல்லிவிடலாம்.
மெல்லிய கம்பியை அப்படியே தளர்த்தினால்
தொளதொளத்து ஃபிரெட்டுக்கு ஃபிரெட் உறுமும்.
ஆகவே தடித்த கம்பி.
தடித்ததென்றால் இழுவை கூடும்.
இழுவை கூடினால்
எல்லாவற்றையும் முதலிலிருந்து பேசவேண்டும்.

முதுகு மூடியைக் கழற்றி
ஆறு திருகுகளையும் ஊறுகாய்க் கிண்ணத்தில் போட்டேன்.
மூன்று சுருள்வில் இருந்த இடத்தில் நான்காவதை மாட்டினேன்.
கட்டைவிரல் கிழிந்தது.
இது மிதக்கும் பாலம்:
ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும்,
ஐந்தையும் ஏற்றி வந்தால் முதலாவது இறங்கிக் கிடக்கும்.
ஒத்திகைக்கு நாங்கள் நாள் குறிப்பதும் இப்படித்தான்.
ஃபைருஸுக்குச் சனிக்கிழமை முடியும்,
அதனாலேயே யூ ஜியேவுக்கு முடியாது.

பிறகு கழுத்து.
முதல் ஃபிரெட்டையும் கடைசியையும் அமுக்கிப் பிடித்து
நடுவில் பார்க்கவேண்டும்.
பரிசு விழாத டோட்டோ சீட்டை மடித்து விட்டால்
நுழைந்தும் நுழையாமலும் நிற்கவேண்டிய சந்து.
ஈஸி-லிங்க் அட்டையே போய் வருகிறது.
அறுகோணச் சாவியைத் துளையில் விட்டு
கால் சுற்று.
கால்தான்.
மரம் முனகியது. என் பிடரி கூசியது.
தையல் பிரித்த அன்று
பார்க்காதவன் மாதிரி பார்த்திருந்தேன்,
இளஞ்சிவப்பாய், ஒரு விரல் நீளம்.

சாவியை வைத்துவிட்டேன்.
மரத்துக்கு ஓர் இரவு தேவை.

புதன்கிழமை இன்னொரு கால்.
எலும்புப் பள்ளத்தில் மூன்றாம் கம்பி சிக்கிச் சிக்கி
டிங் என்று துள்ளியது.
பழைய கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி அராவி
மகளின் 2பி பென்சிலைத் தேய்த்தேன்.
அவள் பரீட்சைக்கு வைத்திருந்தது. சொல்லவில்லை.

பன்னிரண்டாம் ஃபிரெட்டில்
தொட்டு எடுத்த ஒலியும் அழுத்தி எடுத்த ஒலியும்
ஒன்றாக வேண்டும்.
அழுத்தியது சற்றுத் தூக்கல்.
திருகைத் திருகிச் சேணத்தைப் பின்னுக்கு இழுத்தேன்,
ஆறுக்கும், தனித்தனியாக,
ட்யூனரின் முள் நடுவில் வந்து நிற்கும்வரை.
கடைசிக் கம்பியில் அது நிற்கவே இல்லை.
போதும் என்று நான்தான் நின்றேன்.

காக்கி புக்கிட், ஏழாம் மாடி,
மணிக்கணக்கில் வாடகை, எலும்பைத் துளைக்கும் ஏசி.
ஷாமினி குடுவையில் வெந்நீர் கொண்டுவந்திருந்தாள்.
ஃபைருஸ் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினான்.
குரல் தாழ்ந்து வந்தது, புதிதாகக் குடிவந்த வீட்டில்
விளக்கு சுவிட்சைத் தேடுகிற கையைப் போல.
வழக்கமாக மேலே தாவும் இடத்தில்
தாவாமல் ஒரு மூச்சு விட்டு
பக்கவாட்டில் நடந்து போனாள்.
நான் தலையைத் தூக்கவில்லை.

பிறகு என் முறை.
பதினைந்தாம் ஃபிரெட்டில் விரலை வைத்து
பத்து வருடமாக வளைப்பதுபோலக் கம்பியை வளைத்தேன்.
பதினொன்று வளையவில்லை.
அரைச் சுரம் குறைவாக, வெட்கமில்லாமல்,
ஒலிபெருக்கி முழுக்கக் கேட்டது.

பாட்டு நின்றது.
மைக்கை மூடாமலேயே கேட்டாள்:
உனக்கும் ஏறலையா?

யூ ஜியே முதலில் சிரித்தான்.
அடுத்த குழு கதவைத் தட்டியது.
இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு என்று கத்தினாள்,
அந்தப் புதுக் குரலில்,
ஒரு கட்டை கீழே.