ஒருவர் குறைகிறார்

வால்விஸ் பே துறைமுகத்தில்
காலை ஒன்பது பத்துக்கு அம்மோனியா கசியும் என்று
திங்கட்கிழமையே பலகையில் ஒட்டியிருந்தார்கள்.
ஒன்பது மணிக்கே
தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டோம்.
கெர்ஹார்ட் மட்டும் காப்பியை முடிக்கவில்லை.
கசிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறதே என்றான்.

சைரன்.
காற்றுக்கு எதிரே போ என்பது விதி.
காற்றுப்பையை அண்ணாந்து பார்த்தோம்.
மூடுபனிக்குள் அது
நனைந்த சட்டையின் கை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.
இந்த ஊரில் பாதிக் காலைகள் இப்படித்தான்.
ஒரு பக்கம் மணல்மேடு, ஒரு பக்கம் கடல்,
இரண்டையும் காணோம்.
யாரோ நடந்தார்கள். பின்னாலேயே நடந்தோம்.

வழியில் ரௌனா தரையில் கிடந்தாள்.
கழுத்தில் அட்டை: மூச்சு உண்டு, பேச்சு இல்லை.
ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது
என் இடது பூட்ஸ் கழன்றுவிட்டது என்று கிசுகிசுத்தாள்.
உனக்குப் பேச்சு கிடையாது என்றான் எராஸ்மஸ்.

கூடுமிடம் இரண்டு. பச்சைப் பலகை.
பாதுகாப்பு அதிகாரி லூரன்ஸ் ப்யூகஸ்
லூடெரிட்ஸிலிருந்து வந்து ஐந்து வாரம்.
பிளாஸ்டிக் உறைக்குள் பட்டியல்.
எங்கள் பெயர்களிடம் மாட்டிக்கொண்டு
அவர் நாக்கு பட்ட பாட்டுக்கு
பின்வரிசையில் சிரிப்பு.

துஹாஃபெனி ஷிகேஷோ, என்றார்.

துஹாஃபெனி ஷிகேஷோ.

கூரைமேல் ஒரு கூழைக்கடா
கழுத்தை மடக்கிக்கொண்டது.

நாற்பத்திரண்டு பேர் இருக்கிறீர்கள்,
ஒருவர் குறைகிறார் என்றார்.
பழைய பட்டியல் சார் என்று சொல்ல
ஒரு வாய் போதும்.
அத்தனை பேரில் ஒரு வாய் இல்லை.

ஒருவர் குறைந்தால் ஒத்திகை முடியாது.
நால்வர் போய்த் தேடவேண்டும். அதுவும் விதி.
நான் கை தூக்கினேன்,
ஏன் என்று இன்றுவரை தெரியாது.
அப்புறம் பெனெஹாஃபோ. அப்புறம் எராஸ்மஸ்.
அங்கேயும் கொண்டுவந்திருந்த காப்பிக் கோப்பையைக்
கீழே வைத்துவிட்டு கெர்ஹார்ட்.

எங்கே தேடுவது என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.
நான்காம் பெர்த். ஏழாவது வரிசை.
இரண்டு கன்டெய்னர்களுக்கு நடுவே
உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும்
நுழைய முடிகிற இடைவெளி.

இரண்டு வருடம் முன்பு, ஜூலையில்,
இரவு ஷிஃப்ட் முடிந்து பேருந்தில் ஏறினோம்.
அவன் இருக்கை காலி.
முன்னாலேயே கிளம்பியிருப்பான் என்று
சொன்னது நான்தான்.
குய்செப்மொண்ட் போய்ச் சேரும் வரை
யாரும் தலை எண்ணவில்லை.

இன்று டார்ச் அடித்தோம்.
பெனெஹாஃபோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்,
முதலில் மெதுவாக,
அப்புறம் இரண்டு கையையும் வாயில் குவித்து.
கொஞ்சம் பிந்தி
இரும்பு அதைத் திருப்பிக் கொடுத்தது.
எராஸ்மஸ் குனிந்து பார்த்தான்.
துருப்பிடித்த லாஷிங் கம்பி. ஒரு கையுறை,
புதியது, வேறு யாருடையதோ.

வாக்கிடாக்கி கரகரத்தது:
கிடைத்தாரா?

நால்வரும் அந்தக் கருவியைப் பார்த்தோம்.
தேடுகிறோம் என்றேன்.

திரும்பும்போது முப்பத்தொரு நிமிடம் ஆகியிருந்தது.
போன தடவை பதினொன்று.
அதற்குள் யாரோ அவரிடம் சொல்லியிருக்கவேண்டும்,
ப்யூகஸின் காது சிவந்திருந்தது.
பேனாவை எடுத்துப் பெயரை அடிக்கப் போனார்.
உறையின் மேல் பனி ஈரம்,
மை பிடிக்கவில்லை.
இன்னொரு முறை அழுத்தினார்.

பேச்சு இல்லாத ரௌனா
ஸ்ட்ரெச்சரில் எழுந்து உட்கார்ந்து
இருக்கட்டும் சார் என்றாள்.
ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது.

அப்போதுதான் காற்று எழுந்தது.
காற்றுப்பை உப்பி, வாலை நீட்டி,
நேராக எங்களைக் காட்டியது.