செவ்வாய், பதினொரு மணி

செவ்வாய்தோறும் பதினொரு மணிக்கு
அந்தக் கறுப்புத் தொலைபேசியை எடுக்க வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
"கேட்கிறதா?" என்பேன், அவர்கள் மொழியில்.
"கேட்கிறது" என்று வரும், எங்கள் மொழியில்.
வைத்துவிடுவோம்.
பதிவேட்டில் எழுதுவேன்: இணைப்பு நன்று.

முன்பெல்லாம் பேசுவோம்.
தூண்டில் நடு ஆற்றில் சிக்கியதற்கு ஒருமுறை,
குடித்துவிட்டு ஒருவன் எல்லைக் கம்பத்தின் மேல்
சிறுநீர் கழித்ததற்கு ஒருமுறை,
அரைமணி நேரம், சிரிப்போடு.
லுக்கியானோவ் என்று பெயர்.
முகம் பார்த்ததில்லை.
காபி விலை கேட்பான்.

இப்போது ஆற்றுக்கு அப்பாலும் ராடார்,
இப்பாலும் ராடார்.
எங்கள் குன்றின் மேல் புதிதாக ஒரு வெள்ளை உருண்டை.
பிள்ளைகள் அதை முட்டை என்கிறார்கள்.
உள்ளே என்ன பொரியும் என்று
பெரியவர்கள் யாரும் சொல்வதில்லை.

மார்ச்சில், புயல் அடித்த ஓர் இரவில்
இஸ்ஸாத்தின் பனிமான்கள் நாற்பத்திரண்டு
உறைந்த ஆற்றைக் கடந்துவிட்டன.
வேலி பனிக்குள் புதைந்திருந்தது,
பாசி அந்தப் பக்கம் இருந்தது.
மானுக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

கழுத்துப் பட்டைகளில் கருவி உண்டு.
ஆனால் வானிலிருந்து வரும் சமிக்ஞையை
யாரோ குழப்புகிறார்கள், யாரென்று எல்லோருக்கும் தெரியும்.
அன்று காலை அவன் கைப்பேசியில்
நாற்பத்திரண்டும் நடுக்கடலில்,
மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில்.
"றெக்கை முளைத்துவிட்டது" என்றான் இஸ்ஸாத்.
"ராணுவத்திடம் சொல்லிவிடாதே, சுட்டுவிடுவார்கள்."
அதே வாரம்
அவன் அண்ணன் மகள் பிரெத்தை வலியோடு ஏற்றிய விமானம்
ஓடுதளம் எங்கே என்று புரியாமல்
மூன்று முறை சுற்றியது.
அதற்கு அவன் சிரிக்கவில்லை.

அக்கரையிலிருந்து கடிதம் வந்தது, ஏழு பக்கம்.
ஒரு மான், ஒரு நாள், இத்தனை கிலோ பாசி,
மொத்தம் இவ்வளவு.
மொழிபெயர்க்க என்னிடம்தான் தந்தார்கள்.
அனுமதியற்ற மேய்ச்சலுக்கு எங்கள் மொழியில் இரண்டு சொற்கள்.
ஒன்றில் களவு ஒலிக்கும்,
மற்றதில் பசி.
பசியைப் போட்டேன்.
மேலதிகாரி சிவப்பு மையில் திருத்தினார்.

ஏப்ரலில் தலைநகரிலிருந்து அமைச்சர்.
புதுக் குளிர்ச்சட்டை,
அக்குளில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.
வரைபடத்தின் மேல் உள்ளங்கையை விரித்து
"வடக்கு இனி ஓரமல்ல, மையம்" என்றார்.
கடைசி வரிசையில் இஸ்ஸாத் கையைத் தூக்கினான்.
"மையத்தில் மேய்ச்சல் உண்டா?"
யாரோ இருமினார்கள்.
தேநீர் வந்தது.

மே மாதம் ஆறு உடைந்தது.
பீரங்கி முழங்கியது போல் என்று எழுதுவார்கள்
வெளியூர் நிருபர்கள்.
அப்படியெல்லாம் இல்லை.
மாடி வீட்டில் யாரோ பீரோவை இழுக்கிற சத்தம்,
இரண்டு நாள், விடாமல்.
பிறகு தண்ணீர்.
இந்த வெள்ளத்தில் சினைமான் இறங்காது.
இரண்டு அரசுகளும் முதன்முறையாக
ஒரே விஷயத்தில் ஒத்துப்போயின:
எதுவும் செய்வதற்கில்லை.

செவ்வாய். பதினொரு மணி.
"கேட்கிறதா?"
"கேட்கிறது."
நான் வைக்கப் போனேன்.
அந்தப் பக்கம் மூச்சு ஒன்று மிச்சம் இருந்தது.
பிறகு, பல்லிடுக்கில்,
சொல்லக் கூடாததைச் சொல்கிறவன் குரலில்,
"நாற்பத்து மூன்று."
டொக்.

காதில் இன்னும் குறி வெட்டப்படாத குட்டி.
கழுத்தில் பட்டை இல்லை.
எந்தச் செயற்கைக்கோளுக்கும் அதைத் தெரியாது,
எந்தக் கட்டணப் பட்டியலிலும் அது பாசி தின்னவில்லை.
இந்நேரம் நான்கு கால்களையும்
நான்கு திசைக்கு வைத்து நின்றுகொண்டிருக்கும்.

பதிவேட்டைத் திறந்தேன்.
அழைப்பில் வழக்கத்துக்கு மாறான
சொற்கள் இருந்தால் குறிக்க வேண்டும் என்பது விதி.
பேனாவை மூடினேன், திறந்தேன்.
இணைப்பு நன்று.

மாலையில் பெட்ரோல் நிலையத்தில்
இஸ்ஸாத்திடம் எண்ணை மட்டும் சொன்னேன்.
குழாயைப் பிடித்தபடியே நின்றான்,
தொட்டி நிரம்பி வழிகிற வரை.
"வெள்ளையா, பழுப்பா?" என்றான்.

அடுத்த செவ்வாய் வரை பொறு என்றேன்.