வெறும் வண்டி எடை

காவாங்கரை எடைமேடையில் எனக்குப் பகல் ஷிப்டு.
லோடு எடை, வெறும் வண்டி எடை,
கழித்தால் வருவது சரக்கு.
பத்து வருஷமாகத் தெரிந்த ஒரே கணக்கு.

போன ஆடியில் மேடைக்குப் பள்ளம் தோண்டியபோது
ஜேசிபி பல்லில் மாட்டியது அந்தக் கல்.
முதலாளி தணிகாசலம் எழுத்தைப் பார்க்கவில்லை,
லிங்கமா என்று பார்த்தார்.
இல்லை என்றதும் முகம் தெளிந்தது:
"அப்போ கூட்டம் வராது. ஓரமா தள்ளு."

தொல்லியல் துறையிலிருந்து இம்மானுவேல் வந்தார்.
குடிக்க நீட்டிய தண்ணீரைக் கல்லுக்கு ஊற்றினார்.
ஈரத்தாள் ஒட்டி, பிரஷால் அடித்து, மை ஒற்றி
எழுத்து எழுத்தாக விரல் வைத்தார்:

புழற்கோட்டத்துப் பெண்பள்ளி
சந்திரமதிக் குரத்தியாரும்
மாணாக்கியர் இருபத்தெழுவரும்
எறியன் கொற்றி வைத்த ஆடு தொண்ணூறு
சாவா மூவாப் பேராடு

அப்புறம் ஒரு சாண் அகலத்துக்கு ஒன்றுமில்லை.
அங்கேதான் ஜேசிபி பல்.

குரத்தின்னா யாரு சார்?

சமணத் துறவி. பாடம் சொல்கிற பெண்.
தன் முடியைத் தானே பிடுங்கிக்கொள்வாள்.
பீலியால் தரையை வருடி, எறும்பு விலகிய பிறகே உட்கார்வாள்.
இருட்டும் முன்னே உண்டு முடிப்பாள்.
வினை அவளுக்குத் தூசி மாதிரி ஒரு பொருள்,
உயிரில் ஒட்டும், கனக்கும்.
உதிர்த்து உதிர்த்து வெறும் வண்டியாக நிற்க வேண்டும்.

(வெறும் வண்டி என்று அவர் சொல்லவில்லை.)

அப்புறம் அவங்க என்ன ஆனாங்க?
கையின் மையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:
"ஆடு மட்டும்தாம்மா சாவா மூவா."

மீதியைச் சீட்டுக்கட்டின் பின்பக்கத்தில் நானே அடுக்கினேன்.
ஒரு வருஷம் இடையன் நெய் கொண்டுவரவில்லை.
ஒரு வருஷம் மாணாக்கியர் ஒன்பது பேர். பிறகு இரண்டு.
கடைசி ஒருத்தியின் பெயரை வெட்ட
உளி பிடிக்க ஆளில்லை.
தூணை மாட்டுக் கொட்டிலுக்கு எடுத்துப் போனார்கள்.
வெள்ளைக்காரன் ஏரிக்கரையை உயர்த்தியபோது
மதகுக்கு நாலு கல்.
"இது அழித்தான் கங்கையிடைக் குமரியிடைச்
செய்தார் செய்த பாவம் கொள்வான்" என்ற வரி
எந்தக் கல்லோடு தண்ணீருக்குள் போனதோ,
அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான்
பட்டணம் முழுக்க வளர்ந்தோம்.

வியாழக்கிழமை ஜெயிலுக்கு அரிசி லாரி வரும்.
ஓட்டுகிற மஸ்தான் பாய் சொல்வார்,
பொம்பளைங்க பக்கம் அஞ்சுக்கே சோறு,
ஆறுக்குள் எண்ணிப் பூட்டிடுவாங்க.
நிமிர்ந்தால் அந்த மதிலின் மேல் இன்னும் வெயில்.
அவளும் இருட்டும் முன்னே, இவளும் இருட்டும் முன்னே.
இரண்டும் ஒன்று என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

நேற்று துறை வேன் வந்து கல்லை ஏற்றியது.
ஏற்றியவர்கள் எடை கேட்டார்கள்.
கழித்தேன். முந்நூற்றுப் பத்து கிலோ.
சரக்கு என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பெண்பள்ளி என்று எழுதினேன்.
காசு வாங்கவில்லை. ராத்திரி கணக்கில் உதைக்கும்.

வேன் இறங்கிய இரும்புத் தகட்டில்
எறும்புச் சாரை ஒன்று குறுக்கே போனது.
அடுத்த லாரி ஹாரன் அடித்தது.
கையைக் காட்டி
இரு என்றேன்.