படம் என்றால்

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
எட்டு மணி நேரம் நிற்கிற வேலை எனக்கு.
கடை வாசலில் பச்சைப் பெட்டி,
பழைய கைப்பேசிகளைப் போடுவதற்கு.
வாய் சின்னது. சாவி சிரம்பானில்.

வியாழக்கிழமை, மழைக்கு முன்,
செம்பனைத் தோட்டத்துச் சட்டையோடு நீலாவதி அக்கா.
முழங்கையில் முள் கிழித்த கோடு.
கண்ணாடி உடைந்த போன்
பெட்டியின் வாய்வரை போய்விட்டது.
“அழிச்சாச்சா அக்கா?”
“இதுல என்னா இருக்கு தங்கச்சி,
நானூறு வெள்ளி போன்.”

திறந்தோம்.
அடையாள அட்டை, முன்பக்கம், பின்பக்கம்.
மகனின் பிறப்புப் பத்திரம்.
வங்கிப் புத்தகத்தின் முதல் தாள்.
‘மாரியாயி’ என்று சேமித்த ஓர் எண்,
எண்ணிப் பார்த்தால் ஆறே இலக்கம்.
மாரியாயிக்கு யார் ஆறு இலக்கத்தில் போன் போடுவார்கள்?
அக்கா என்னைப் பார்த்தார்.
நான் கூரையைப் பார்த்தேன்.

புதிய போனுக்குப் படங்களை மாற்றினேன்:
கல்யாணங்கள், மகன், ஒரு பூனை, அதே பூனை.
மங்கலான காகிதப் படங்களைக் குப்பையென்று விட்டேன்.
கணக்குகளிலிருந்து ஒவ்வொன்றாய் வெளியேறினேன்.
ஊசியால் குத்தி எடுத்த சிம்மை
அக்கா கைக்குட்டை முனையில் முடிந்துகொண்டார்.

கடைசித் திரை மலாயில் கேட்டது:
படாம் செமுவா?
அக்கா எழுத்துக் கூட்டினார். ப, ட, ம்.
“எல்லாப் படமும்தானே? வேணும், வேணும்.”
விரல் இறங்கியது.
பிடித்துவிட்டேன்.
அந்த விரலின் சொரசொரப்பு
இன்னும் என் உள்ளங்கையில்.
“மலாயில படம்னா அழின்னு அர்த்தம் அக்கா!”

அப்புறம்தான் சொன்னார்.
மங்கலாய்க் கிடந்தவை பெரட்டுக் கணக்கு.
கிராணி பேர் போட்ட தாளை
விடியல் ஐந்தரைக்கு, யாரும் பார்க்காமல்,
கை நடுங்க எடுத்தது.
தாளில் இருபத்தாறு நாள்.
சம்பளச் சீட்டில் இருபத்திரண்டு.
திங்கட்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை.

நூற்றுப் பதினேழு படங்கள்.
ஏற்றி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது,
மூன்று பேருந்துகள் போயின,
முதலாளி லியோங் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

பிறகு அவரே தொட்டார் அந்தச் சொல்லை.
திரை கறுத்தது. ஒரு கோடு மெல்ல நிறைந்தது.
செலாமாட் டாத்தாங், என்றது போன்.
எந்த மொழி வேண்டும், என்றது.
“ஆறு வருஷம் காதோட கெடந்துச்சு.
என்னைத் தெரியலையாமா?”
“தெரியாது அக்கா.”
“நல்லதாப் போச்சு.”
பெட்டிக்குள் ‘டொக்’கென்று விழுந்தது.

நாலாவது பேருந்து நகரும்போதுதான் உறைத்தது:
அந்த ஆறு இலக்கமும்
என் தலைக்குள் அப்படியே.
மழையில் ஓடி ஜன்னலைத் தட்டினேன்.
“அக்கா, மாரியாயியை மாத்திடுங்க!”
பேருந்தே திரும்பிப் பார்த்தது.