பன்னிரண்டாம் வரிசை

பகாவ் பட்டணத்துப் பெட்ரோல் நிலையம் தாண்டி
பால்மரம் நின்ற இடத்தில்
இப்போது சிமெண்டுத் தூண்கள்.
ஒவ்வொன்றின் தலையிலும்
லோரியில் ஓடித் தேய்ந்த டயர்.
டயரின் நடுவே ஏறி நாலு பக்கமும் வழிகிறது கள்ளி,
மூன்று பட்டைத் தண்டும் முள்ளுமாய்,
இலை என்று சொல்ல ஒன்றுமில்லாமல்.

இரவு ஒன்பதுக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவேன்.
கையில் தூரிகை, இடுப்பில் மைலோ டின்.
டின்னில் வெள்ளைப்பழப் பூவின் தூள்,
கடலைமாவு நிறத்தில்.
சிவப்புப்பழப் பூ
தன் இனத்துத் தூளை ஏற்காது.
வேற்றுப்பூ வேண்டும் அதற்கு.
இந்த விஷயத்தை
என் மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு சாண் தாண்டிய பூ.
ஒரே ராத்திரி.
மழை பிடித்தால் அதுவும் போச்சு.
பூவுக்கு எட்டுக் காசு தருகிறார் தவுக்கே ஆ ஹோக்.
வௌவால் சும்மாவே செய்கிறது.

ஒன்பதாம் வரிசையில் ரஃபிகுல்
ஊரிலிருக்கும் பெண்டாட்டியோடு கைப்பேசியில் சண்டை போட்டபடி தடவுகிறான்.
பெர்மிட் முடிய நாற்பது நாளாம்.
இன்று தடவிய பூ பழுக்க முப்பது.
பத்து நாள் லாபம் அக்கா என்று
அவனே கணக்குப் போட்டுச் சிரித்தான்.

எங்கோ மெக்சிகோ பக்கத்துச் செடி.
வெட்டி எங்கே ஊன்றினாலும்
மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும்.
சற்குணம் அண்ணன்
இதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர்.
அறுபத்தொன்று நடக்கிறது.
இன்னும் சிவப்பு ஐசி.

அவர்தான் போன மாதம்
அடிபட்டு ஒதுக்கிய பழம் ஆறை
ஒரே மூச்சில் தின்றுவிட்டு
விடிகாலை கக்கூசிலிருந்து அலறினார்.
ரத்தம், ரத்தம்!
வேனில் ஏற்றிக் கிளினிக்குக்கு ஓடினோம்.
இன்சூரன்ஸ் காகிதம்
அலமாரியில் எந்தத் தட்டு என்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.
தாதி ரொஹானி
குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
“நேற்று புவா நாகா சாப்பிட்டீங்களா, அங்கிள்?”
அவ்வளவுதான்.
வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்,
அவரும்.
பிறகு கவுண்டரில் ஐசியை நீட்டினார்.
அந்தச் சிவப்புக்கு
ரொஹானியிடம் விளக்கம் இல்லை.

பன்னிரண்டாம் வரிசை முடிய மணி ஒன்று.
தூரிகையை உதறினேன், தும்மல்.
விடிந்தால் இதெல்லாம்
பிழியாத துணிபோலத் தொங்கும்.
பிடித்ததா இல்லையா என்று
நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும்;
காம்பில் மஞ்சள் ஏறினால் விழுந்துவிடும்.

வேலியோரம் ஒன்று
இப்போதுதான் பாதி திறக்கிறது.
கணக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.
டின்னின் அடியை வழித்து
அதற்கும் ஒரு தொடு.