ஒரு மணி, இரண்டு மணி

இரவு பதினொன்றரை.
அடைகாப்பானின் கதவைத் திறக்க
முந்திரிகைப்பழ வாசம்.
நீர்வேலிப் பந்தலில் இருந்து வருவதல்ல.
ஏழாம் கட்டில், குலவீரசிங்கத்தின் இரத்தம்.
தட்டில் பச்சையாய்க் கசிகிறது சூடோமோனாஸ்,
மூன்றாம் தடவையாக.

மருந்து வில்லைகளைச் சுற்றி வெறும் வட்டங்கள்,
அகலமானவை, அப்பழுக்கற்றவை.
‘கேட்கும்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தவள் நான்.
தட்டில் கேட்டது.
மனிசனில் கேட்கவில்லை.

இரத்தம் சுத்திகரிக்கக் கழுத்தில் இறக்கிய குழாயின்
உட்சுவரில் அவை குடியிருக்கின்றன.
நீந்தி வந்தவைதான், ஆளுக்கொரு வாலோடு.
சுவர் தட்டுப்பட்டதும் வெளியே நடந்தது வெளியேயே நிற்க
உள்ளே வேறொன்று ஏறத் தொடங்கும்:
இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட ஒரு வளையம்.
சைக்ளிக் டை ஜி.எம்.பி.
பெயர்தான் நீளம். சொல்வது சின்னது.
ஓடாதே. இரு.

வால் சுழல்வது நிற்கும். பசை ஊறும்.
பசைக்குள் ஒன்று, அதன் முதுகில் இன்னொன்று,
பிறகு எண்ண முடியாது.
மருந்து அந்தப் பசை வாசலில் நின்று களைத்துப்போகும்.

காலையில் ஊசியோடு வார்டுக்குப் போனேன்.
“திரும்பவும் இரத்தமோ மிஸ்?
இருபத்தாறு வருசம் பருத்தித்துறை றூட்டில ஓடினனான்.
இப்ப ஒரு இடத்தில கிடந்து நாரி விட்டுப்போச்சு.”
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவரே தொடர்ந்தார்:
“ஏறின சனத்தின்ர முகம் ஒண்டும் எனக்குத் தெரியாது.
நெல்லியடியில இறங்கிறவன் எனக்கே சொல்லுறான்?
கொண்டக்ரரிட்டச் சொல்லுவான்.
எனக்கு வாறது மணி மட்டும்தான்.
ஒண்டெண்டால் நிப்பாட்டு. ரெண்டெண்டால் எடு.”

நான் பெயர்ச்சீட்டைக் கோணலாய் ஒட்டிவிட்டேன்.

படியிறங்கும்போது அவரோடு மனதுக்குள் தர்க்கித்தேன்.
உங்கள் பஸ்ஸில் கொண்டக்ரர் ஒருவன் ஐயா.
இதற்குள் நாற்பது பேர் அளவில்.
சிலர் மணியை அடிக்க, சிலர் அடித்த மணியை விழுங்க,
இரண்டும் செய்யக்கூடிய ஆட்களும் உண்டு.
எல்லார் கையிலும் ஒரே மணி.
ஒருவன் அடித்தது வாலுக்கு,
மற்றவன் அடித்தது பசைக்கு என்று
எப்படிப் பிரித்தறிகிறது அந்தத் துளியூண்டு உடம்பு?
எனக்குத் தெரியாது.
தெரிந்தவர்களும் அடித்துச் சொல்வதில்லை.

செவ்வாயும் வெள்ளியும் மெஷின் ஓடத் தொடங்கி
அரை மணியில் அவருக்கு நடுக்கம் பிடிக்கும்.
இரண்டு போர்வை காணாது.
அடைபட்ட கூட்டத்தில் சிலதுக்கு மணி தேய்ந்திருக்கும்,
பசை இளகியிருக்கும்,
இரத்தம் பாய அவையும் பாயும்.

டொக்ரர் மதிவண்ணனுக்கு அழைத்தேன்.
“நீங்கள்தானே கேட்கும் எண்டு எழுதினனீங்கள்?”
ஓம். ஓடுகிறவைக்குக் கேட்கும்.
நான் தட்டில் சோதித்தது ஓடுகிறவையைத்தான்.
இருந்துவிட்டவைக்கு ஒரு தட்டும் என்னிடம் இல்லை.
குழாயைக் கழற்றுங்கோ.
மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.
புதுக் குழாய் போட இனி எந்த நரம்பு என்று
அவர் தேடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்குக் குழாய்நுனி வந்தது,
மூடியில் அவர் பெயர், இந்தமுறை நேராக.
தட்டில் உருட்டினேன்.
உட்சுவரைச் சுரண்டி ஒரு துளி நீரில் கலக்கி
நுணுக்குக்காட்டிக்குக் கீழ் வைத்தேன்.

அசையாத மந்தை.
கண் வலிக்கும்வரை பார்த்தேன்.
விளிம்பில் ஒன்று திமிறியது, கழன்றது,
கண்ணாடியை நேர்கோட்டில் கடந்து போய்
காற்றுக்குமிழி ஒன்றின் ஓரத்தில் நின்றது.

வெளியே ஆஸ்பத்திரி வீதியில்
யாரோ பஸ்ஸின் தகரத்தில் தட்டினார்கள்.
ஒன்றா, இரண்டா,
எனக்குக் கேட்கவில்லை.
துளி காயத் தொடங்கியிருந்தது.