நரம்பறுந்த மட்டை

கதவில் இரண்டு எழுத்து.
மேலே புதிதாய், நீலத்தில்: மாணவர் மனநல ஆலோசனை அறை.
கீழே, வெள்ளையடித்தும் மறையாமல் எட்டிப் பார்ப்பது:
விளையாட்டுச் சாமான்கள். அனுமதியின்றி நுழையாதே.

ஒரு வருஷம்
கீழே உள்ளதற்குத்தான் கட்டுப்பட்டோம்.

கதவு திறப்பதோ கேண்டீன் வரிசைக்கு நேரே.
டீக்கு நிற்கிற நாற்பது பேரும்
யார் போனது, எவ்வளவு நேரம்,
கண் சிவந்திருக்கிறதா என்று
பஜ்ஜி ஆறும்வரை பார்ப்பார்கள்.
கேட்டுக்கு வெளியே ஹாரன் கேட்டால்
ரெக்ஸன் கட்டாயம் சொல்வான்:
"மாப்ள, ஏர்வாடி வண்டி வந்துருச்சு, ஏறிக்க."

சிரிப்பு.
நானும் சிரிப்பேன்.
என் ஊரே ஏர்வாடி.
தினமும் அந்த வண்டியில்தான் வீட்டுக்குப் போகிறேன்.
முதல் வருஷம் ஊர் கேட்டவர்களிடம்
"கீழக்கரை தாண்டிக் கொஞ்சம்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

கமர்நிஷா மேடம் புதன்கிழமை மட்டும் வருவார்,
பரமக்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி,
முக்காட்டில் புழுதியோடு.
பதிவேட்டில் காரணம் என்றொரு கட்டம்.
எனக்கு முன்னால் வந்த பதினொரு பேரும்
தலைவலி என்று எழுதியிருந்தார்கள்.
நானும் தலைவலி.
அதிலும் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன்.

உயரம் தாண்டும் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தேன்.
வியர்வை நாற்றம், பழைய ரப்பர் நாற்றம்.
அவர் அறிவுரை ஏதும் தரவில்லை.
கடைசியாக எப்போது பசித்தது என்று கேட்டார்.
யோசித்தேன்.
உப்புக்காற்று ஜன்னல் கொக்கியை
ஆட்டிக்கொண்டே இருந்தது.
ஞாபகம் வரவில்லை.

பிறகு போனைக் காட்டினேன், ஏன் என்று தெரியாமல்.
தம்மாமிலிருந்து வாப்பா அனுப்பிய குரல்கள்
நாற்பத்தியொன்று. ஒன்றும் கேட்கவில்லை.
மூன்று அரியர் அவருக்குத் தெரிந்துவிட்டது,
அதைத்தான் நாற்பத்தியொரு விதமாகக் கேட்கிறார் என்று
ராத்திரி மூன்று மணிக்கு
நானே அவர் குரலில் பேசிப் பார்த்திருந்தேன்.
"ஒன்னே ஒன்னு கேட்கலாமா?
நான் வேணும்னா வெளிய நிக்கிறேன்."
வேண்டாம், இருங்கள் என்றேன்.

"மோட்டாருக்கு காயில் கட்டியாச்சா?
தண்ணி உப்பாத்தான் வருதா இன்னும்?"
பின்னால் யாரோ சட்டி கழுவும் சத்தம்.
அவ்வளவுதான்.

அழுதேன், மோட்டாருக்காக.

முடிந்ததும் எழ முடியவில்லை.
கதவுக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர்.
மேடம் அலமாரியைத் திறந்து
ஒரு பேட்மிண்டன் மட்டையை எடுத்துக் கொடுத்தார்.
நடுவில் நரம்பறுந்து தொங்கியது.
"இதைத் தூக்கிட்டுப் போ. யாரும் கேக்க மாட்டாங்க.
அடுத்த புதன் திருப்பிக் குடு."

யாரும் கேட்கவில்லை.

அந்தப் பருவத்தில் எங்கள் கல்லூரியில்
பேட்மிண்டன் எப்படியோ பரவியது.
கச்சான் வீசும் மாதத்தில்
ஒரு இறகுப்பந்தும் நேராகப் போகாது என்று
கடலோரத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.
ஆனாலும் வேதியியல் இரண்டாம் ஆண்டில் இரண்டு பேர்,
விடுதியில் அந்தத் தொண்டிப் பெண்,
பிறகு, என்னால் நம்ப முடியவில்லை,
நூலக உதவியாளர்கூட
மட்டையோடு நடந்தார்கள்.
கண்ணைப் பார்க்க மாட்டோம்.
நரம்பைப் பார்ப்போம்.

கார்த்திகையில் ஒரு புதன்
கதவைத் திறந்துகொண்டு ரெக்ஸன் வந்தான்.
மட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்,
மீன் தூக்குகிற மாதிரி.
அவன் பாம்பன். அவன் அண்ணன் போன படகு
பதினேழு நாளாய்த் திரும்பவில்லை என்று
எல்லோருக்கும் தெரியும்.
யாரும் கேட்டதில்லை.
நானும்.

வரிசையிலிருந்து விலகி
என் டீயை அவனிடம் நீட்டினேன்.
வாங்கவில்லை. "ஆடலாமா?" என்றான்.
முதல் அடியிலேயே பந்து
வேலிக்கருவைக்குள் போய்விட்டது.
தேடினோம். முள் குத்தியது.
அரைமணி நேரம் பந்தைப் பற்றி மட்டும் பேசினோம்,
எந்தப் பக்கம் விழுந்தது,
காற்று எப்படித் தள்ளியிருக்கும் என்று.
கடைசியில்தான் அவன் அண்ணன் பெயரைச் சொன்னான்.

கேட்டில் ஹாரன்.
"ஒன் வண்டி" என்றான்.
"எங்க ஊரு வண்டி" என்றேன்.

மட்டையை வாங்கக் கை நீட்டினேன்,
மேடமிடம் கொடுத்துவிடலாம் என்று.
அவன் தரவில்லை.
"இருக்கட்டும்டா," என்றான்,
"இன்னுங் கொஞ்ச நாள் நானே வச்சுக்கிறேன்."